தரம் 7 கட்டுரைக் கொப்பிகளை எப்படித் திருத்துகிறீர்கள்?

வணக்கம். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். வகுப்பில் 38 பிள்ளைகள். "என் ஊர்" என்று கட்டுரை கொடுத்தால் பாதிப் பேர் "இயற்கை எழில் கொஞ்சும்" என்றே தொடங்குகிறார்கள். ஒரு பிள்ளை மட்டும், கொழுந்துக் கூடையை இறக்கினால் அம்மாவின் முதுகு நனைந்திருக்கும் என்று எழுதியிருந்தாள். ர, ற, ல, ள பிழைகள் மட்டும் 11. எல்லாவற்றையும் சிவப்புப் பேனையால் வட்டமிட்டேன். அடுத்த வாரம் அவளும் "இயற்கை எழில்" என்றே எழுதி வந்தாள். அன்றிலிருந்து மனசே சரியில்லை.

கருத்துக்கும் எழுத்துப் பிழைக்கும் தனித்தனியாகப் புள்ளி போடுகிறீர்களா? 20 புள்ளியை எப்படிப் பிரிப்பது? முதல் தடவை புள்ளியே போடாமல், பேசித் திருப்பி எழுத வைப்பவர்கள் இருக்கிறீர்களா? அப்புறம், 38 கொப்பிக்கும் நேரம் எப்படிக் கிடைக்கிறது? உங்கள் புள்ளித்திட்டத்தைப் படமெடுத்துப் போட்டால் பெரிய உதவி.