'குட் மை லார்ட்' - எப்படி உச்சரிப்பது?

வணக்கம். எங்கள் நாடகக் குழு ஹாம்லெட்டின் சில காட்சிகளை ஆங்கிலத்திலேயே மேடையேற்றப் போகிறது. ஷேக்ஸ்பியரை மேடையில் பேசிப் பழகியவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

சிக்கல் விளிச்சொற்களில்தான். ஹாம்லெட்டின் பழைய நண்பன் கில்டன்ஸ்டெர்ன் முதலில் இளவரசனான அவனைப் பார்த்ததும் 'மை ஆனர்ட் லார்ட்' என்கிறான். மூன்றாம் அங்கத்தில் அவனே 'குட் மை லார்ட்' என்று அடைமொழியை 'மை'க்கு முன்னால் தூக்கிப் போடுகிறான். யாப்புக்காக மாற்றியது என்றுதான் முதலில் நினைத்தோம். ஜூலியட் அம்மாவிடம் கெஞ்சும் 'ஓ ஸ்வீட் மை மதர், காஸ்ட் மீ நாட் அவே' வரிக்கு அது சரியாகப் பொருந்தும். பத்து அசை, ஒன்றுவிட்டு ஒன்றில் அழுத்தம், 'மை' அடங்கிப்போகிறது. ஆனால் கில்டன்ஸ்டெர்ன் பேசுவது உரைநடை! நடிகர்களை நன்றாகத் தங்கவைக்கும்படி அரசவை மந்திரி பொலோனியஸிடம் ஹாம்லெட் சொல்வதும் உரைநடைதான், அங்கேயும் 'குட் மை லார்ட்'தான். 'மை லார்ட்' ஒரே சொல்லாக ஒட்டிப்போனதால் அடைமொழி வெளியே நிற்கிறது என்பது இலக்கண விளக்கம். ஒப்புக்கொள்ளலாம்.

அப்படி ஒட்டியிருந்தால் மேடையில் 'மி லார்ட்' என்று குறுக்கிச் சொல்ல வேண்டுமா? 'குட்'டை அழுத்தினால் எங்கள் பையன் அதட்டுகிற மாதிரி இருக்கிறது, விட்டால் கெஞ்சல் போய்விடுகிறது. அப்புறம், வரிசை மாறும்போது மரியாதையின் அளவும் மாறுமா? அந்தக் கால உச்சரிப்பில் நடித்த பதிவு எதையாவது கேட்டிருந்தால் சொல்லுங்கள், அதில் 'மை' எப்படி ஒலித்தது என்பதையும் சேர்த்து.