பிச்சாவரம் ஓவியம்: நிஹோங்கா வண்ணம் பொடியாக உதிர்கிறது, ஏன்?

அலையாத்தி (புதுச்சேரி):
வாஷி என்ற ஜப்பானியக் கைத்தாளைப் பலகையில் ஒட்டி, பிச்சாவரம் கால்வாயை நிஹோங்கா என்ற ஜப்பானிய மரபு ஓவிய முறையில் வரைகிறேன். காட்டுக்கு மாலகைட் என்ற பச்சைக் கல்லின் பொடி, 7ஆம் எண் நைஸ். காய்ந்தபின் விரல் பட்டாலே பொடி கையோடு வருகிறது. வானத்தில் வேறு திட்டுத்திட்டாக ஊறியிருக்கிறது. நிகாவா பசை 100 மி.லி. தண்ணீருக்கு 10 கிராம், நேராக அடுப்பில் காய்ச்சியது. எங்கே தப்பு?

தேவனாம்பட்டினம்:
அளவு சரி, காய்ச்சியதுதான் தப்பு. நிகாவாவும் நம் தச்சர்களின் வச்சிரம் மாதிரி தோல் பசைதான்; கொதித்தால் பிடிப்பு போய்விடும். ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60–70 டிகிரியில் கரையுங்கள். வெள்ளைக் கிண்ணத்தில் பொடிமேல் பசையைச் சொட்டுச்சொட்டாக விட்டு, பொடியின் ஒவ்வொரு மணியிலும் பசை ஏறும்வரை விரலால் பிசைந்த பிறகே தண்ணீர். 7ஆம் எண் சொரசொரப்பு, பசை சற்றுக் கூடுதலாக வேண்டும். அளவு மீறினால் பளபளக்கும், வெடிக்கும். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் பசை சீக்கிரம் கெடும். ஃப்ரிட்ஜில் வையுங்கள், நாற்றம் வந்தால் கொட்டிவிடுங்கள்.

திட்டுக்குக் காரணம் தோசா, அதாவது தாள் ஈரத்தை உறிஞ்சாமல் இருக்க முதலில் பூசும் பசை–படிகாரக் கரைசல், போதாதது. 1 லிட்டர் தண்ணீர், 20 கிராம் நிகாவா, 5 கிராம் படிகாரம். பசை கரைந்து, அடுப்பை விட்டு இறக்கியபின் படிகாரம் சேருங்கள். படிகாரம் கூடினால் நாளாவட்டத்தில் தாள் நொறுங்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு பூச்சு காய ஒரு நாள் முழுக்க விடுங்கள். மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள்: முத்தாக நின்றால் சரி, உறிஞ்சினால் இன்னொரு பூச்சு.

கிளிஞ்சல்:
பச்சையைப் பற்றி ஒன்று. ஒரே கல்தான், எண் கூடக்கூடப் பொடி நைஸாகும், நிறம் வெளிறும். 13க்கும் மேலே, எல்லாவற்றிலும் நைஸான பொடிக்குப் பெயர் பியாகு. அதனால் தூரத்து மரங்களுக்கு வெள்ளை கலக்காதீர்கள், 13ஐயும் பியாகுவையும் எடுங்கள்; கிட்டத்துக்கு 7. இரண்டையும் ஒரே கிண்ணத்தில் கலந்தால் கனமானது முதலில் படிந்து நிறம் பிரியும்.

ஜப்பானிய நிஹோங்கா ஓவியர் ஹிகாஷியாமா காயியின் 1950ஆம் ஆண்டு 'மிச்சி' (பாதை) ஓவியத்தைப் பாருங்கள். முதல் வரைவில் இருந்த குதிரைகளையும் கலங்கரை விளக்கையும் நீக்கிவிட்டு, பாதையை மட்டும் வைத்தார். பிச்சாவரத்துக்கும் படகு தேவையில்லை. நீர், இரண்டு பச்சைக் கரை, அவ்வளவு போதும்.

அலையாத்தி:
ஏற்கெனவே பூசியதைக் காப்பாற்ற முடியுமா?

தேவனாம்பட்டினம்:
முடியும். 2 சதவீத நிகாவாவை வெதுவெதுப்பாக, படுக்கையில் வைத்த பலகைமேல் பனிபோலத் தெளியுங்கள். தூரிகை வேண்டாம், மணிகளை இழுத்துவிடும். காய்ந்தபின் இன்னொரு முறை.