பம்பரம் விழுந்ததா, விழவில்லையா?

வட்டக்கச்சி வாத்தி:
நேற்றிரவு மகனோடு இருந்து ‘இன்செப்ஷன்’ பார்த்தேன். மற்றவர் கனவுக்குள் நுழைகிற ஆட்களின் கதை. 2010இல் வந்த படம், எனக்கு இப்போதுதான் வாய்த்தது. கடைசியில் மேசையில் பம்பரம் சுற்றுகிறது, லேசாக ஆட்டம் காண்கிறது, படம் முடிந்துவிட்டது. கனவென்றால் விழாமல் சுற்றும், நனவென்றால் விழும். விழுந்ததா என்று மகன் என்னைப் போட்டுக் குடைகிறான்.

எனக்கு வேறு கேள்வி. அதில் அந்தப் பம்பரம் மாதிரி ஆளுக்கொரு சின்னச் சாமான் வைத்திருக்கிறார்கள். அதன் பாரம் சொந்தக்காரருக்கு மட்டும்தான் தெரியும், இன்னொருவர் தொடக்கூடாது. தொட்டால் கனவுக்குள் அதையும் போலியாகச் செய்துவிடலாமாம். ஒரு சாமானை நம்பியா மனிசன் ‘இது நிசம்’ என்று முடிவெடுப்பான்? உங்களில் யாருக்காவது அப்படி நடந்திருக்கிறதா?

பரந்தன் பெடியன்:
விழுந்தது சேர். அதில் நடித்த மைக்கல் கெய்ன் 2018இல் சொன்னார்: கதை விளங்காமல் இயக்குநர் நோலனிடம் கேட்டாராம், ‘நீங்கள் வருகிற காட்சியெல்லாம் நிசம்’ என்றாராம். கடைசிக் காட்சியில் கெய்ன் வீட்டில் நிற்கிறார். அலுவல் முடிந்தது.

குளத்தடி:
முடியவில்லை தம்பி. அந்தப் பம்பரம் கதாநாயகனுடையதே இல்லை, செத்துப்போன மனைவியுடையது. பிறகு அதை வைத்து என்னத்தை நிச்சயிப்பது? 1999இல் வந்த ‘மேட்ரிக்ஸ்’ பரவாயில்லை, பொய் உலகம் முழுக்கப் பச்சை படிந்திருக்கும். ஆனால் அந்தத் துப்பும் பார்க்கிற எங்களுக்குத்தான், உள்ளே கிடப்பவனுக்கு இல்லை.

சேர் கேட்டதற்கு வருகிறேன். போர் முடிந்து, 2010இல் அகதி முகாமிலிருந்து கொண்டுவந்து இறக்கியபோது, எங்கள் வளவு எதென்று எனக்குத் தெரியவில்லை. நான் பிறந்து வளர்ந்த இடம்! வேலியில்லை, படலையில்லை, கூரையுமில்லை. நாயுண்ணிச் செடி ஆளுயரத்துக்கு நின்றது. பக்கத்து வளவுகளும் சேர்ந்து ஒரே பற்றை. அம்மா “இதுதான் பிள்ளை” என்கிறா, கொஞ்சத்தால் “இல்லை, அங்கால” என்கிறா. முகாமில் படுத்திருக்கும்போது கனவில் வந்த வீட்டுக்கு நிலையும் கதவும் இருந்தன, முற்றத்தில் நெல் காய்ந்தது. நேரில் வந்து நின்றால் இதுதான் கனவு மாதிரி.

மூன்று கிணறு இருந்தது, மூன்றும் ஒரே அச்சு. 2002இல் யாழ்ப்பாணம் போகிற ஏ9 பாதை திறந்து சீமெந்து தாராளமாக வந்த பிறகு, அடுத்த வருசம் அப்பா எங்கள் கிணற்றுக்குக் கட்டுக் கட்டினார். பூச்சு காயமுதல் நான் கம்பியால் என் முதலெழுத்தைக் கீறிவைத்தேன். அடி விழும் என்று உட்புறமாக. கையை உள்ளே விட்டுத் தடவினால்தான் தெரியும், அம்மாவுக்குக்கூடச் சொன்னதில்லை.

கண்ணிவெடி எடுத்தாயிற்று என்றாலும் பயந்து பயந்துதான் கால் வைத்தேன். இரண்டாவது கிணற்றில் விரலில் தட்டுப்பட்டது. அதுவரை அழுகை வரவில்லை.

பரந்தன் பெடியன்:
அக்கா, நான் கெய்னைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

வட்டக்கச்சி வாத்தி:
மகனுக்கு வாசித்துக் காட்டினேன். பம்பரத்தை விட்டுவிட்டான். அந்த எழுத்து இன்னும் இருக்கிறதா என்று கேட்கிறான்.

குளத்தடி:
இருக்கிறது. போன வருசம் கட்டுக்குப் புதுப்பூச்சுப் பூசினோம். மேசனிடம் அந்தச் சாண் அளவை மட்டும் விடச் சொன்னேன். ஏனென்று கேட்டார், சும்மா என்றேன்.