புற்றுநோயாளிகளுக்கு ஆலோசனை தருபவர்கள் வழிகாட்டுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களும் இப்போது வருகிறார்கள். இதில் அனுபவமுள்ள அண்ணாச்சிமார், அக்காமார் உதவி வேண்டும்.

ஒரு அம்மா, பீடி சுற்றுபவர் (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). மார்பகப் புற்று. வீட்டில் வெறும் கட்டி என்றே சொல்லி வைத்திருக்கிறார்கள். மகன் முதல் நாளே என்னை வாசலில் நிறுத்தி, "அம்மாகிட்ட அந்த வார்த்தையைச் சொல்லிராதிய, தாங்க மாட்டாவ" என்றார். உள்ளே வந்தால் அந்த அம்மா கேட்கிறார்: "ஊசி போடுத இடத்துல எல்லாருக்கும் முடி கொட்டிருக்கு. எனக்கு மட்டும் என்னம்மா வெறுங்கட்டி?" பேசும்போதே முந்தானை நுனியை விரல்கள் சுருட்டிக்கொண்டே இருக்கின்றன, பீடி சுற்றுகிற அதே வேகத்தில்.

அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். பொய் சொல்ல மாட்டேன். நோயை விளக்க வேண்டியவர் மருத்துவர். எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று அந்த அம்மாவிடமே கேட்கலாம், அதுவே முறை. மகனைச் சேர்த்து உட்கார வைப்பதில்தான் திணறுகிறேன். அவர் பயமும் நிஜமானது. நீங்கள் அந்தப் பேச்சை எப்படித் தொடங்குவீர்கள்?

இன்னொன்று. கனடாவின் மனநல மருத்துவர் ஹார்வி சாச்சினோவ் உருவாக்கிய 'டிக்னிட்டி தெரபி'யைத் தமிழில் செய்தவர்கள் உண்டா? கடுமையான நோயில் இருப்பவரைத் தன் வாழ்க்கையைப் பற்றிப் பேசவைத்து, அதை எழுத்தாக்கி, குடும்பத்துக்குக் கொடுப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஒலிப்பதிவாகவே கொடுக்கலாமா?

நெல்லை, தென்காசி, தூத்துக்குடியில் என் ஆலோசனைப் பணிக்கு மேற்பார்வை தரக்கூடியவர்கள் இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். ஆன்லைன் என்றாலும் சரி. உங்களிடம் வருபவர்களின் பெயர், ஊர் எதையும் இங்கே எழுத வேண்டாம்.