மெக்குவாரி ஹார்பர் பக்கம் (ஆஸ்திரேலியா, டாஸ்மானியா மேற்குக் கரை) போனவங்க, மனசுல நிக்கிற ஒரு விஷயத்த எழுதுங்க

அலைமோதி

ஸ்ட்ராஹன் ஊர்ல போட் ஏறி, ஹார்பர் கடல்ல திறக்குற வாயான ஹெல்ஸ் கேட்ஸ் வரைக்கும் போனதெல்லாம் இங்க எல்லாருக்கும் தெரியும், நேரா சாரா ஐலண்டுக்கு வரேன். 1822ல இருந்து 1833 வரைக்கும் கைதிங்கள அடைச்சு வச்ச தீவு. இடிஞ்ச சுவரெல்லாம் பாத்தாச்சு, அதெல்லாம் ஒண்ணும் பண்ணல. கப்பல் கட்டுன இடத்துல கைடு எங்கள நிறுத்தி தண்ணிக்குள்ள பாருங்கன்னார். குனிஞ்சு பாத்தா டிகாஷன் கலர் தண்ணிக்கு அடியில ஹ்யூவான் பைன் கட்டைங்க வரிசையா கிடக்கு, கப்பல தண்ணில இறக்குறதுக்குப் போட்ட கட்டைங்க, கிட்டத்தட்ட 200 வருஷமா தண்ணிலயே கிடந்தும் மக்கல, அந்த மரத்துல இருக்குற எண்ணெய் அப்படி. கால்ல விலங்கோட இடுப்பளவு குளிர் தண்ணில நின்னு இந்தக் கட்டைங்கள இழுத்துருக்கானுங்க. இங்க கட்டுன கடைசிக் கப்பல் ஃப்ரெடரிக்க 1834ல பத்து கைதிங்க கடத்திட்டு சிலி வரைக்கும் ஓட்டிட்டுப் போயிட்டாங்கன்னு கைடு சொன்னப்ப கூட வந்த எல்லாரும் கை தட்டுனாங்க, எனக்கு கட்டைய விட்டு கண்ண எடுக்க முடியல. இப்பவும் தூங்குறதுக்கு முன்னாடி அதான் வருது.

மழைப்பயணி

எனக்கு இந்த ஹார்பர்ல வந்து சேர்ற கார்டன் ரிவர்தான். எஞ்சின் சத்தத்த குறைச்சாங்க பாருங்க, அந்த நிமிஷம். தண்ணி கருப்பா இருக்குறதால ரெண்டு கரை காடும் அப்படியே உள்ள தலைகீழா தெரியுது, எது மரம் எது நிழல்னு பிரிக்கவே முடியல. ஹெரிட்டேஜ் லேண்டிங்ல இறங்குனா ரெண்டாயிரம் வருஷம் வாழக்கூடிய ஹ்யூவான் பைன் மரங்க, வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் தடிக்குமாம். மனுஷன் கையே படாத ஒரு இடத்த வாழ்க்கைல பாத்துட்டேன், போதும்.

செம்புமலை

மழைப்பயணி சகோ, கை படாத இடம்னு மட்டும் சொல்லாதீங்க ப்ளீஸ். நான் குவீன்ஸ்டவுன்ல இருந்து மலை ரயில்ல வந்தேன். ஊருக்குள்ள ஓடுற குவீன் ரிவர் ஆரஞ்சு கலர்ல ஓடுது, செம்புச் சுரங்கத்தோட வேலை. அந்த ஆறு கிங் ரிவர்ல சேந்து நீங்க போட்ல போன அதே ஹார்பர்லதான் கலக்குது. 1994 வரைக்கும் சுமார் பத்து கோடி டன் சுரங்கக் கழிவு இந்த வழியா போயிருக்கு. ரயில்ல ஒரு பக்கம் பெரணி செடியும் பாசியுமா பச்சை கொட்டுது, அடுத்த வளைவு தாண்டுனா ஆத்தங்கரைல சாம்பல் கலர்ல சேறு மேடு மேடா நிக்குது, அதுல செத்துப்போன மரக்கட்டைங்க. பக்கத்து சீட்ல இருந்த சின்னப் பொண்ணு அவங்கம்மாகிட்ட "இங்க யாரு இப்படி பண்ணா"ன்னு கேட்டுச்சு, அந்தம்மா ஜன்னலப் பாத்துட்டே இருந்தாங்க, பதில் சொல்லல. அந்தக் கேள்விதான் என்னைய விடல.

அது மட்டுமில்ல, கார்டன்ல வந்து சேர்ற ஃப்ராங்க்ளின் ரிவர் பக்கம் குட்டிகினா குகைல 20,000 வருஷத்துக்கு முன்னாடியே, பனியுகத்துலயே பழங்குடி மக்கள் வாழ்ந்துருக்காங்க. காலி இடம்னு சொன்னா அவங்கள அழிக்கிற மாதிரி ஆயிடுது.

தூரவழி

போகப்போறவங்களுக்கு சொல்லிடுறேன். ஹோபார்ட்ல இருந்து சுமார் 300 கிலோமீட்டர், மேப்ப நம்பி கிளம்பாதீங்க, ரோடு முழுக்க வளைவு, குவீன்ஸ்டவுன் கிட்ட வந்தா வயித்தப் பொரட்டும். பெட்ரோல முன்னாடியே ஃபுல் பண்ணிக்கோங்க, நடுவுல பங்க் ரொம்ப அரிது. இருட்டுன பிறகு ஓட்டவே ஓட்டாதீங்க, வாம்பட் வாலபி மாதிரி காட்டு மிருகமெல்லாம் திடீர்னு குறுக்க வரும். போன் சிக்னல் பெரும்பாலும் இருக்காது, மேப்ப டவுன்லோட் பண்ணிக்கோங்க. டிசம்பர் ஜனவரி கோடைன்னு நினைச்சு வெறும் டீஷர்ட்ல போகாதீங்க, மழைக்கோட்டு கண்டிப்பா வேணும், உள்ள ஒரு கம்பளி. கடல் சீறுனா போட் ஹெல்ஸ் கேட்ஸுக்கு வெளிய போகாது, அதுக்காக ஸ்டாஃப் கிட்ட சண்ட போடாதீங்க, அந்த வாய் ரொம்ப குறுகலானது, ஆழமும் கம்மி. என் அனுபவம்னா, ஓஷன் பீச்ல நின்னேன், காத்து நிக்க விடல, அவ்ளோதான்.

செம்புமலை

இன்னொண்ணு விட்டுட்டேன். இந்த ஹார்பர்ல மோஜியன் ஸ்கேட்னு ஒரு திருக்கை மீன் இனம் இருக்கு, 1988லதான் கண்டுபிடிச்சாங்க, இப்ப உலகத்துலயே இந்த ஒரு இடத்துலதான் மிச்சம் இருக்குறதா தெரியுது. அடித்தண்ணில ஆக்சிஜன் குறைஞ்சதுதான் பிரச்சனை, சால்மன் பண்ணைங்களும் அதுக்கு ஒரு காரணம்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. போட்ல போறப்ப வட்ட வட்டமா வலைக்கூண்டு பாத்திருப்பீங்களே, அதான்.

மழைப்பயணி

சகோ, நீங்க சொல்றது எல்லாம் சரி, ஆனா நான் சொன்ன அந்த ஆறு அணை தண்ணில முழுகாம நிக்குது பாருங்க, அதயும் சேத்து எழுதுங்க. கார்டன்ல அணை கட்டுறத எதிர்த்து 1982 டிசம்பர்ல மறியல் ஆரம்பிச்சு ஆயிரத்துக்கு மேல ஆளுங்க கைதாகி, 1983 ஜூலை 1ல ஆஸ்திரேலியா ஹைகோர்ட்ல 4க்கு 3ன்னு தீர்ப்பு வந்து, கட்டாமலே நின்னு போன அணை. எங்க போட்ல ஒரு பாட்டி இருந்தாங்க, கரைய காட்டி "என்னைய இங்கதான் புடிச்சு போலீஸ் போட்ல ஏத்துனாங்க"ன்னு பேரன்கிட்ட சொன்னாங்க. நான் ரெண்டு சீட் தள்ளி இருந்தேன். எழுந்து போய் பேசணும்னு இருந்துச்சு, அதுக்குள்ள எஞ்சின் சத்தம் ஏறிடுச்சு, எல்லாரும் கரைப்பக்கம் திரும்பிட்டாங்க.

அப்புறம் அந்த ரயில்ல எந்தப் பக்க சீட்ல உக்காந்தா கிங் ரிவர் தெரியும்? அடுத்த தடவ அந்த சேத்த நானும் பாக்கணும்.

செம்புமலை

ரெண்டு பக்கமும் தெரியும் சகோ, பாலம் தாண்டுனா ஆறு பக்கம் மாறிடும்.