கெமாட்ரியாவுக்கு ‘எழுத்தெண்ணியல்’ வேண்டாம், ‘சொற்பெறுமானம்’ என்போம்

அன்பு நண்பர்களே, வணக்கம்.

ஒரு சொல்லிலுள்ள எழுத்துகளின் எண்களைக் கூட்டி, அந்தத் தொகையைக் கொண்டு பொருள் காணும் யூத மரபு கெமாட்ரியா. அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில், ‘எழுத்தெண்ணியல்’ என்று முடிவு கட்டுவதற்கு முன் என் மறுப்பைக் கேட்டுவிடுங்கள். எழுத்தை எண்ணுவது தமிழில் ஏற்கெனவே வேறொரு வேலை. கட்டளைக் கலித்துறை என்ற செய்யுள் வகையில் அடி நேரசையில் தொடங்கினால் ஒற்று நீக்கி 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. ‘எழுத்தெண்ணிப் படித்தவர்’ என்றால் நுணுகிக் கற்றவர். கெமாட்ரியாவில் யாரும் எழுத்தை எண்ணுவதில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய எண்ணைக் கூட்டுகிறார்கள்.

எபிரேயத்தில் ஆலெப் 1, யோத் 10, கோஃப் 100, கடைசி எழுத்தான தாவ் 400. ‘உயிருள்ள’ என்று பொருள்படும் ‘ஹய்’ என்ற சொல்லில் ஹேத் 8, யோத் 10, ஆக 18. நாம் 101, 501 என்று மொய் எழுதுவதுபோல யூதர்கள் 18, 36, 54 என்று அன்பளிப்புத் தருவது இதனால்தான்.

ஆதியாகமம் 14ஆம் அதிகாரத்தில் ஆபிராம் 318 ஆட்களோடு போருக்குப் போகிறார். அவருடைய ஊழியர் எலியேசரின் பெயரை நேற்று இரவு ஒரு தாளில் எபிரேய எழுத்தில் எழுதி, கீழே எண்களைப் போட்டேன்: 1, 30, 10, 70, 7, 200. சரியாக 318! உடன் போனது எலியேசர் ஒருவரே என்று பழைய ரபீக்கள் (யூத மத குருமார்) சொன்ன விளக்கம் இந்தக் கூட்டலிலிருந்து வந்தது. அந்தத் தாளைப் பார்த்தபடி, “இந்தப் பெயர் 318 பெறும்” என்று என்னை அறியாமல் சொன்னேன். நாம் தேடும் சொல் அந்த ‘பெறும்’ என்பதில் இருக்கிறது.

‘கடபயாதி’ என்றே வைக்கலாம் என்ற யோசனையும் பொருந்தாது. அது எழுத்துகளை இலக்கங்களாகப் படிக்கும் முறை; கர்நாடக இசையில் மேளகர்த்தா எனும் தாய் ராகங்களின் எண்ணை அவற்றின் பெயரிலிருந்தே காண உதவுவது. மாயாமாளவகௌளை ராகத்தின் பெயரில் ம 5, ய 1. திருப்பிப் படித்தால் 15ஆவது மேளகர்த்தா. அங்கே எழுத்து இலக்கமாக நிற்கிறது, இடம் மாறினால் எண்ணும் மாறும். கெமாட்ரியாவில் எழுத்துகளை எப்படிக் கலைத்துப் போட்டாலும் தொகை அதேதான். ஔவையின் ‘எட்டேகால் லட்சண’மும் (அ 8, வ கால், ஆக ‘அவலட்சணம்’) எண்குறியை எழுத்தாக வாசிப்பதுதான், கூட்டல் இல்லை. ‘எண்கணிதம்’ பள்ளிப் பாடத்தின் பெயர். அதை விட்டுவிடுவோம்.

இலங்கைப் பள்ளிக் கணிதத்தில் ‘இடப்பெறுமானம்’ என்ற சொல் இருக்கிறது. தமிழ்நாட்டில் அதையே ‘இடமதிப்பு’ என்கிறோம். ஆனால் ‘சொல்மதிப்பு’ என்றால் ஒருவர் பேச்சுக்குள்ள மரியாதை என்றுதான் என் காதில் விழுகிறது. ஆகவே ஓர் எழுத்துக்கு உரியது எழுத்துப்பெறுமானம், சொல்லின் தொகையும் அதைக் காணும் முறையும் சொற்பெறுமானம். எபிரேய மரபை மட்டும் குறிக்கும்போது ‘கெமாட்ரியா’ அப்படியே இருக்கட்டும்.

பிற மரபுகளிலும் பொருத்திப் பார்த்தேன். அரபு எழுத்துகளுக்கு எண் தரும் அப்ஜத் முறையில் ‘பிஸ்மில்லா’ தொடரின் பெறுமானம் 786. நம்மூர்க் கடைப் பலகைகளில் பார்க்கும் அதே 786. பழைய ரோமானிய நகரமான பாம்பேயின் சுவரில் யாரோ கிரேக்க மொழியில் கிறுக்கி வைத்த வரி, “545 என்ற எண்ணுக்குரியவளைக் காதலிக்கிறேன்” என்கிறது. பெயரை மறைத்து அதன் சொற்பெறுமானத்தை மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கிறான்.

இன்னொரு சொல் பாக்கி. ‘எஹாத்’ (ஒன்று) 13, ‘அஹவா’ (அன்பு) 13. தொகை ஒத்த இப்படிப்பட்ட சொற்களை இணைத்துப் பொருள் காண்பதே இந்தக் கலையின் உயிர். அவற்றுக்கு ‘நிகர்பெறுமானச் சொற்கள்’ என்பதுவரை வந்திருக்கிறேன். வாய்க்குக் கொஞ்சம் கனமாக இருக்கிறது. இதைவிட இலகுவான சொல் ஈழத்து நண்பர்களிடம் இருந்தால் தாருங்கள்.