புதுப்பிப்பு: 1871 ஃபோர்ட் வெய்ன் கெக்கியோங்காஸ் அணி

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த இந்த பேஸ்பால் அணி, தொடங்கிய சீசனிலேயே 19 ஆட்டங்களோடு ஏன் நின்றது என்று கேட்டிருந்தேன். உதவியவர்களுக்கு நன்றி. "புரூக்ளின் எக்ஃபோர்ட் அணியைப் பாருங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. 7 வெற்றி, 12 தோல்வியோடு ஆகஸ்டில் கெக்கியோங்காஸ் கலைந்தது. மீதி நாட்களுக்கு அதன் இடத்தில் எக்ஃபோர்ட் வந்தது, ஆனால் எக்ஃபோர்ட்டின் ஆட்டங்கள் புள்ளிப்பட்டியலில் சேரவில்லை. என் குழப்பம் அங்கேதான்.

எதிர்பாராமல் கிடைத்தது இன்னொன்று. அந்த ஆண்டு தொடங்கிய தொழில்முறை பேஸ்பால் லீக்கான நேஷனல் அசோசியேஷனின் முதல் ஆட்டமே கெக்கியோங்காஸுடையது! அன்று நடக்கவிருந்த வாஷிங்டன் ஆட்டம் மழையில் போக, 1871 மே 4-இல் கிளீவ்லாண்டை 2-0 என வென்றார்கள். அதிக ரன்கள் குவிந்த அந்தக் காலத்தில் எவ்வளவு அபூர்வமான ஸ்கோர்! பந்து வீசிய பாபி மேத்யூஸுக்கு அப்போது வயது 19. அப்புறம், கெக்கியோங்கா என்பது ஃபோர்ட் வெய்ன் நகரம் இருக்கும் இடத்தில் முன்பிருந்த மயாமி பழங்குடியினரின் ஊர்ப்பெயர்.